குளிர் இன்னும் விடவில்லை: அலமாரியை வசந்தத்துக்கு மாற்ற நாலு வழிகள்

பனிக்காலத்தையே முன்பனி, பின்பனி என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது தமிழ். பின்பனி என்றால் இரவின் பிற்பகுதியில், விடியலை ஒட்டிப் பனி கொட்டும் காலம். அதற்கு அடுத்துதான் இளவேனில். குளிர் ஊர்களில் வசந்தத்துக்காக அலமாரியைத் திறக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இரண்டுக்கும் நடுவில். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் லினன் சட்டை தொங்க ஆரம்பித்துவிட்டது. வெளியே காலை ஏழு மணிக்கு 3 டிகிரி, மதியம் 14, மாலை வீடு திரும்பும்போது மறுபடி 6, கூடவே தூறல். நாலு மாதமாகப் போட்ட கறுப்புக் கோட்டைப் பார்த்தாலே சலிப்பு தட்டுகிறது. கழற்றிவைத்தால் பல் தந்தியடிக்கிறது.

குளிருக்கு உடுத்த எல்லோருக்கும் தெரியும். இந்த ஆறேழு வாரத்தில் படுத்துவது ஒரே நாளில் வெப்பநிலை பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறி இறங்குவதுதான். ஆகவே எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். மதியம் இதைக் கழற்றினால் கையில் சுமக்க முடியுமா? கழற்றிய பிறகு உள்ளே இருப்பது நாலு பேர் பார்க்கும்படி இருக்குமா? இந்த இரண்டுக்கும் 'ஆம்' வராத துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம்.

வழிகள் நாலு. ஒன்று, எதையும் வாங்காமல் இருப்பதையே அடுக்கு மாற்றி உடுத்துவது. இரண்டு, கழுத்துத் துணி, சாக்ஸ், சட்டை என்று சின்னச் சின்னப் பொருளால் நிறத்தை மட்டும் மாற்றுவது. மூன்று, இந்த இடைக்காலத்துக்கென்றே ஒரு மேலாடை வாங்குவது. நாலு, வசந்த உடைகளை இப்போதே மொத்தமாக வாங்கிவிடுவது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் மூன்றும் சேர்ந்தால் போதும். இரண்டாவதைத் தொட்டுக்கொள்ளலாம். நாலாவது வழி சில பேருக்கு மட்டுமே பொருந்தும். காரணங்கள் கீழே.

முதலில் கொஞ்சம் கணக்கு

உடையின் கதகதப்பை அளக்க 'க்ளோ' என்று ஓர் அலகு உண்டு, 1941இல் வந்தது. 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குக் குளிராமல் இருக்கத் தேவையான உடை 1 க்ளோ. ஐஎஸ்ஓ 7730 என்ற சர்வதேசத் தரநிலையின் பட்டியலில் ஒவ்வோர் உடைக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள்: முழுக்கைச் சட்டை 0.25, மெல்லிய ஸ்வெட்டர் 0.20, தடித்த ஸ்வெட்டர் 0.35, சாதாரண ஜாக்கெட் 0.35, கோடைக்கான மெல்லிய ஜாக்கெட் 0.25, கோட் 0.60. (இங்கே ஜாக்கெட் என்பது சட்டைக்கு மேல் போடுவது, புடவைக்கு உள்ளே போடுவதல்ல.) எண்கள் தோராயம்தான், காற்றடித்தாலும் நனைந்தாலும் குறையும். ஆனாலும் இரண்டு உடைகளை ஒப்பிட இதைவிட நல்ல கருவி இல்லை.

குளிர்கால உடுப்பை எடுத்துக்கொள்வோம். டி-ஷர்ட் 0.09, முழுக்கைச் சட்டை 0.25, தடித்த ஸ்வெட்டர் 0.35, கோட் 0.60, பேன்ட் 0.25, தடித்த சாக்ஸ் 0.05, பூட்ஸ் 0.10. கூட்டினால் 1.69. கடைப் பொம்மை போட்டிருக்கும் வசந்த உடை? மெல்லிய முழுக்கை மேல்சட்டை 0.15, மெல்லிய ஜாக்கெட் 0.25, மெல்லிய பேன்ட் 0.20, சாக்ஸும் மெல்லிய அடி ஷூவும் தலா 0.02. மொத்தம் 0.64. பாதிகூட இல்லை. காலை 3 டிகிரியில் இதைப் போட்டுக்கொண்டு பேருந்துக்கு நிற்கிறவர் மறுநாள் கறுப்புக் கோட்டுக்கே திரும்பிவிடுவார்.

இப்போது அதே வசந்தத் தோற்றத்தை அடுக்காகக் கட்டுவோம். முழுக்கை உள்பனியன் 0.12, கணுக்கால்வரை வரும் உள்கால்சட்டை 0.10, முழுக்கைச் சட்டை 0.25, மெல்லிய ஸ்வெட்டர் 0.20, ஜாக்கெட் 0.35, பேன்ட் 0.25, தடித்த சாக்ஸ் 0.05, தடித்த அடி ஷூ 0.04. மொத்தம் 1.36. மதியம் ஜாக்கெட்டையும் ஸ்வெட்டரையும் கழற்றினால் 0.81. கோட்டுக்காரர் கோட்டைக் கழற்றினாலும் 1.09இல்தான் நிற்கிறார்; தடித்த ஸ்வெட்டருக்குள் வியர்க்கிறது, கையில் கோட்டு மூட்டை வேறு. அடுக்கிக் கட்டியவர் 0.81இலிருந்து 1.36 வரை ஏறி இறங்கலாம். கவனித்துப் பாருங்கள்: இந்தக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு உள்ளாடைகள் சேர்ந்து 0.22 தருகின்றன. ஒரு மெல்லிய ஸ்வெட்டர் தருவதைவிட அதிகம்.

வழி ஒன்று: வாங்காமல் அடுக்குவது

செலவே இல்லாத வழி, ஆனால் அடுக்கத் தெரிய வேண்டும். கதகதப்பைத் தருவது துணியல்ல, துணிக்குள்ளும் துணிகளுக்கு நடுவிலும் அசையாமல் நிற்கும் காற்று. இறுக்கமான சட்டைக்கு மேல் இறுக்கமான ஸ்வெட்டர், அதற்கு மேல் திணித்துப் போட்ட ஜாக்கெட் என்றால் காற்று பிதுங்கி வெளியே போய்விடும். மூன்று துணி போட்டும் குளிர்கிறது என்று புலம்புகிறவர்களின் அக்குளையும் முழங்கையையும் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். உள்ளிருந்து வெளியே போகப் போகத் துணி தளர வேண்டும், தடிக்க வேண்டும். இன்னொன்று, சொரசொரப்பான ஃப்ளானல் சட்டைக்கு மேல் கம்பளி ஸ்வெட்டர் போட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கையை மடக்கும்போதெல்லாம் சட்டைக்கை மேலே ஏறும். வழவழப்பான பருத்திச் சட்டைதான் நடுவில் நிற்கும்.

உடலை ஒட்டும் துணி எதனால் ஆனது என்பதில்தான் வெற்றி தோல்வி. சாதாரண ஈரப்பதத்தில் கம்பளி இழை தன் எடையில் 16 விழுக்காடு அளவுக்கு ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். பருத்தி 8 விழுக்காடு. பாலியெஸ்டர் வெறும் 0.4. கம்பளி 30 விழுக்காடு வரை குடித்தாலும் கைக்கு ஈரமாகத் தெரியாது. பருத்தி பனியன் அப்படியில்லை. மதியம் வேகமாக நடந்து வியர்த்தால் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், மாலை வெப்பநிலை விழும்போது முதுகில் சில்லென்று பிடிக்கும்.  150 முதல் 200 ஜிஎஸ்எம் வரையுள்ள மெரினோ (மென்மையான, மெல்லிய இழைக் கம்பளி) உள்பனியன் ஒன்றுக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை.) 200க்கு மேல் போனால் சட்டைக்குள் தடிப்பாகத் தெரியும், மதியம் தாங்காது.

நிறத்தில் ஒரு நுணுக்கம். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் போட்டால் அதன் ஓரம் பளிச்சென்று தெரியும். உங்கள் தோல் நிறத்தை ஒட்டிய பனியன் தெரியவே தெரியாது. கழுத்து அகலமாக வெட்டியதாக இருந்தால் மேல் பட்டனைத் திறந்தாலும் எட்டிப் பார்க்காது. மணிக்கட்டில் நீட்டிக்கொண்டு நிற்பது பிடிக்காதவர்களுக்கு முக்கால் கை.

உள்ளே இதைச் சரிசெய்துவிட்டால் கோடைத் துணிகளுக்கு வேலை வந்துவிடுகிறது. லினன் சட்டையைத் தனியாகப் போட்டால் குளிரும். லினன் நெய்யும் ஆளி நாரில் பொசுபொசுப்பு கிடையாது, காற்றைப் பிடித்துவைக்காது, தொட்டாலே சில்லென்றிருக்கும். அதையே மெரினோ பனியனுக்கும் மெல்லிய கார்டிகனுக்கும் (முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டர்) நடுவில் போடுங்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் தெரிவது லினன், வேலை செய்வது கம்பளி. கையில்லாத கோடை உடையை மெல்லிய உயர்கழுத்து ஸ்வெட்டருக்கு மேல் போடுவதும் இதே தந்திரம்தான். உடையின் அக்குள் வெட்டு ஸ்வெட்டருக்கு இடம் விட வேண்டும், அவ்வளவே.

இந்த வழி தோற்பது ஒரே இடத்தில். மேலாடை மாறவில்லை. உள்ளே எத்தனை வசந்தம் இருந்தாலும் தெருவில் பார்க்கிறவருக்குத் தெரிவது அதே கறுப்புக் கோட்டுதான். வேலையிடத்துக்குள் போனதும் கழற்றிவிடுகிறவர்களுக்கு அது பொருட்டில்லை. நாளில் பாதியை வெளியில் கழிப்பவர்களுக்கு மூன்றாவது வழி வேண்டும்.

வழி மூன்று: ஒரே ஒரு மேலாடை

காசு செலவழிப்பதென்றால் இங்கே செலவழியுங்கள். ஆனால் 'இடைக்கால ஜாக்கெட்' என்ற பெயரில் விற்பதெல்லாம் இடைக்காலத்துக்கு ஆகாது.

ட்ரெஞ்ச் கோட் (இடுப்பில் பெல்ட் கட்டும் நீளமான மழைக்கோட்டு) இந்தப் போட்டியில் முன்னால் நிற்கிறது. அது அழகால் மட்டும் வந்த இடமல்ல. அதன் துணி கபர்டின், நெருக்கிச் சாய்வாக நெய்தது. 1879இல் தாமஸ் பர்பெரி உருவாக்கியது. காற்றை நன்றாகத் தடுக்கும். முழங்கால்வரை வருவதால் தொடையில் தூறல் படாது. பல ட்ரெஞ்ச்களில் கை, தோளோடு சேர்த்து வெட்டிய ராக்லான் கை; தோள் தையல் கிடையாது என்பதால் உள்ளே ஸ்வெட்டர் இருந்தாலும் பிடிக்காது. பட்டன் போட்டுக் கழற்றும் உள்லைனிங் இருந்தால் ஒரே கோட்டு இரண்டு பருவத்துக்கு ஆகும். ஆனால் இது தண்ணீரை விலக்கும் துணியே தவிர, தண்ணீர் புகாத துணியல்ல. அடைமழையில் அரைமணி நேரம் நின்றால் தோள் நனையும். மலிவான வகைகளில் இன்னொரு கோளாறு: முழுக்க பாலியெஸ்டர், முதுகில் காற்றுத் திறப்பும் இல்லை. பஸ்ஸில் ஏறிய ஐந்தாவது நிமிடம் உள்ளே புழுங்கும். வாங்குமுன் முதுகு மடிப்புக்குக் கீழே கைவிட்டுத் திறப்பு உண்மையா, வெறும் தையல் அலங்காரமா என்று பாருங்கள்.

பழைய ட்ரெஞ்ச் பீரோவில் கிடந்தால் புதிது வாங்குமுன் ஒரு சோதனை. தோளில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக உருண்டு நின்றால் தண்ணீரை விலக்கும் பூச்சு உயிரோடு இருக்கிறது. கறையாகப் பரவி உள்ளே போனால் போய்விட்டது, அல்லது அழுக்கு மூடியிருக்கிறது. துவைத்து, நன்றாக அலசி, லேபிள் அனுமதித்தால் குறைந்த சூட்டில் டிரையரில் போடுங்கள். பல பூச்சுகள் சூடுபட்டதும் மீண்டும் எழுந்துகொள்ளும். எழவில்லையென்றால் தண்ணீர் விலக்கும் ஸ்ப்ரே அடிக்கலாம். துணி மென்மையாக்கும் திரவம் மட்டும் கூடாது. அது இழைமேல் படிந்து தண்ணீரை உள்ளே இழுத்துவிடும்.

டெனிம் ஜாக்கெட் எல்லோரிடமும் இருக்கிறது, எல்லோரும் இப்போதே எடுத்துப் போடுகிறார்கள், எல்லோரும் நடுங்குகிறார்கள். 12 அவுன்ஸ் டெனிம் (சதுர கஜத்துக்கு 12 அவுன்ஸ் எடை) ஏறத்தாழ 400 ஜிஎஸ்எம். எடையைப் பார்த்துக் கதகதப்பு என்று ஏமாறக்கூடாது. பருத்தி அது. நனைந்தால் கல்லாய்க் கனக்கும், காய ஒரு நாள் எடுக்கும். இடுப்போடு நின்றுவிடும். பட்டன்களுக்கு நடுவில் காற்று புகும். டி-ஷர்ட்டுக்கு மேல் கச்சிதமாக வாங்கியது ஸ்வெட்டருக்கு மேல் ஏறவே ஏறாது. வெயில் நாளில் 14, 15 டிகிரிக்கு மேல் சரி. அதற்குக் கீழே, தளர்வான கோட்டுக்குள் நடு அடுக்காகப் போட்டுக்கொள்ளலாம்; அந்த வேலையை அருமையாகச் செய்யும்.

குறுக்கும் நெடுக்கும் தையலிட்ட மெல்லிய பஞ்சு ஜாக்கெட்டை ஆட்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். உள்ளே 60 முதல் 100 ஜிஎஸ்எம் பாலியெஸ்டர் பஞ்சு இருக்கும். சுருட்டினால் பைக்குள் அடங்கும். காலர் இல்லாத வகையை ட்ரெஞ்சுக்குள் போட்டால் உள்லைனிங் வேலையைப் பார்க்கும். மதியம் அதை மட்டும் உருவிப் பைக்குள் போட்டுவிட்டு ட்ரெஞ்சைத் தொடரலாம். இந்த ஜோடிக்கு இணையான ஜோடி இந்தப் பருவத்தில் இல்லை. குறை என்றால், தையல் கோடு ஓடும் இடத்தில் பஞ்சு நசுங்கியிருப்பதால் அங்கே குளிர் இறங்கும், ஊசித் துளை வழியாகத் தண்ணீரும் இறங்கும். இறகு அடைத்த வகை நனைந்தால் சுருங்கிக் கதகதப்பை இழக்கும். தூறல் மிகுந்த ஊரில் பாலியெஸ்டர் பஞ்சே மேல். பளபளப்பில்லாத துணியாக எடுத்தால் அலுவலகத்துக்கும் போகும்.

கம்பளியில் தைத்த சட்டை-ஜாக்கெட், உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி இருப்பவர்களுக்கு. மேசை முன்னால் உட்காரும்போதும் கழற்றத் தேவையில்லை. காற்றைத் தடுக்காது, மழையையும் தடுக்காது. லேபிளில் கம்பளி பாதிக்கும் கீழே இருந்து மீதி பாலியெஸ்டர், அக்ரிலிக் என்றால் ஒரே மாதத்தில் அக்குளிலும் பைவார் உரசும் இடத்திலும் நூலுருண்டைகள் கிளம்பும். செயற்கை இழை வலுவானது என்பதால் உருண்டை தானாக அறுந்து விழாது, அங்கேயே தொங்கும்.

தோல் ஜாக்கெட்: காற்றுக்கு நல்லது, மழைக்கு ஆகாது, உள்ளே ஸ்வெட்டருக்கு இடம் விட்டுத் தைப்பது அபூர்வம். ஏற்கெனவே இருந்தால் போடுங்கள். கையில்லாத வெஸ்ட்டுக்கு அந்த ஐஎஸ்ஓ பட்டியலில் வெறும் 0.12 க்ளோதான், ஆனால் கையை விட்டு நெஞ்சையும் முதுகையும் மட்டும் மூடுவதால் ஜாக்கெட்டுக்குள் தடிப்பே தராது. அதனால் ஸ்வெட்டர் ஏறாத இறுக்கமான ஜாக்கெட் வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு மருந்து.

எதை வாங்கினாலும் அளவு பார்க்கும் முறை ஒன்றுதான். கடைக்கு மெல்லிய டி-ஷர்ட்டோடு போகாதீர்கள். உள்ளே போடப்போகும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே போங்கள். இணையத்தில் வாங்குவதானால் வீட்டில் பொருந்தும் ஜாக்கெட் ஒன்றைத் தரையில் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளந்து இரட்டியுங்கள். அந்த எண் உங்கள் மார்பளவைவிட 10 செ.மீ. கூட இருந்தால் சட்டைக்கு மேல் மட்டும் போடலாம். மெல்லிய ஸ்வெட்டருக்கு மேல் போட 14, 16 செ.மீ. வேண்டும், 20ஐத் தாண்டினால் சாக்குமாதிரித் தொங்க வாய்ப்புண்டு, அதற்கென்றே தளர்வாக வெட்டிய வகை என்றால் வேறு விஷயம். போட்டுப் பார்க்கும்போது இரண்டு கையையும் முன்னால் நீட்டி ஒன்றையொன்று கட்டிக்கொள்ளுங்கள். முதுகின் நடுவில் இழுத்தால் அளவு சின்னது. கையைத் தூக்கும்போது ஜாக்கெட்டின் அடி ஓரம் நாலைந்து விரற்கடைக்கு மேல் ஏறினால் அக்குள் வெட்டு தாழ்ந்திருக்கிறது. அதை எந்தத் தையற்காரராலும் எளிதில் சரிசெய்ய முடியாது. கைநீளத்தையும் அடி ஓரத்தையும் குறைக்கலாம், தோளையும் அக்குளையும் பார்த்தே வாங்க வேண்டும்.

வழி இரண்டு: நிறத்தை மட்டும் மாற்றுவது

குறைந்த செலவில் அதிக மாற்றம் தெரிவது இதில். முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நிறத்தைத்தான் கண் முதலில் எடுத்துக்கொள்ளும். கறுப்புக் கோட்டின் கழுத்தில் இருந்த சாம்பல் மஃப்ளரை எடுத்துவிட்டு, இளம் கிளிப்பச்சையிலோ கத்தரிப்பூ நிறத்திலோ கம்பளி-பட்டுக் கலப்பில் 70க்கு 180 செ.மீ. துணி ஒன்றைச் சுற்றினால் கோட்டே புதிதாகத் தெரியும். இரண்டு சுற்றுக்கு அந்த நீளம் போதும். மதியம் பைக்குள் மடிந்துவிடும்.

ஒரு சமயத்தில் ஒரு வெளிர் நிறம் போதும். மேலே வெளிர் என்றால் கீழே அடர் நீலமோ சாம்பலோ இருக்கட்டும். இன்னும் முக்கியமாக, வெளிர் நிறம் தடித்த துணியில் வர வேண்டும். பால் வெள்ளைக் கம்பளி பேன்ட், இளநீல ஃப்ளானல் சட்டை, வெண்ணெய் மஞ்சள் ஸ்வெட்டர்: இவை குளிரிலும் பொருந்தி நிற்கும். மெல்லிய ஷிஃபானில் பூப்போட்ட உடையை இந்தக் குளிரில் போட்டால் நிறம் வசந்தம் என்று சொல்லும், போட்டிருப்பவரின் புல்லரித்த கை வேறொன்று சொல்லும். பூ வேண்டுமென்றால் அடர்ந்த தரையில் பூப்போட்டதாக எடுங்கள்.

வெளிர் நிறத்தின் வம்பு அழுக்கு. புது நீல ஜீன்ஸின் இண்டிகோ சாயம் நூலின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். உரசினால் உதிரும், ஈரத்தில் இன்னும் உதிரும். புது ஜீன்ஸோடு பால்வெள்ளை ஸ்வெட்டர் போட்டால் அடி ஓரத்தில் நீலக் கோடு விழும். வெள்ளை ஷூவின் மேல் விளிம்பிலும் அப்படியே. போடுமுன் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, ஜீன்ஸின் உள்மடிப்பில் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். துணி நீலமானால் அந்த ஜீன்ஸை உள்வெளியாகத் திருப்பி, தனியாக, குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை துவைத்த பிறகுதான் வெளிர் நிறத்தோடு சேர்க்க வேண்டும். வெளிர் நிறக் கோட்டில் முதலில் கறுப்பது கைவிளிம்பும், பைவார் உரசும் தோளும். அந்த இரண்டையும் வாராவாரம் ஈரத்துணியால் துடைக்கிற பொறுமை இல்லாதவர்கள் வெளிர் கோட்டைத் தவிர்த்து, வெளிர் ஸ்வெட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இடுப்புக்குக் கீழே

மேலே இத்தனை யோசிப்பவர்கள் காலை மறந்துவிடுகிறார்கள். அகலக் கால் பேன்ட் இந்தப் பருவத்துக்கு வரம். உள்ளே மெல்லிய உள்கால்சட்டை இருந்தாலும் வெளியில் தெரியாது. வெள்ளை அல்லது வெளிர் பேன்ட் என்றால் 300 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் பாருங்கள். அதற்குக் கீழே பைத்துணியின் உருவம் வெளியே தெரியும், உள்ளே போட்டதும் தெரியும். ஸ்கர்ட் போடுபவர்களுக்கு டைட்ஸின் டெனியர் கணக்கு: 9,000 மீட்டர் நூலின் கிராம் எடைதான் டெனியர். 40இல் தோல் தெரியும், 80இல் தெரியாது. குளிர்காலத்தில் 100 போட்டவர்கள் இப்போது 60க்கு இறங்கலாம், நிறத்தைக் கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கோ கருநீலத்துக்கோ மாற்றலாம். நைலான் டைட்ஸுக்கு மேல் கம்பளி ஸ்கர்ட் காலோடு ஒட்டிக்கொண்டு ஏறினால் அது நிலைமின்சாரம். நடுவில் பருத்தி உள்பாவாடை ஒன்று போட்டால் அடங்கும்.

பூட்ஸிலிருந்து நேரே கேன்வாஸ் ஷூவுக்குத் தாவ வேண்டாம். ஒரு குட்டை மிதித்தால் நாள் முழுக்க ஈரம். ஸ்வேட் தோலும் (மேற்பரப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய தோல்) அப்படித்தான், உருகிய பனியும் உப்பும் பட்டால் வெள்ளைக் கோடு விழும். வழவழப்புத் தோலில் லோஃபரோ (கயிறு கட்டாத ஷூ), தடித்த ரப்பர் அடி வைத்த ஸ்னீக்கரோ நடுவழி. கம்பளி சாக்ஸ் போட்டதும் விரலை அசைக்க முடியவில்லையென்றால் அந்த ஜோடி இப்போது ஆகாது. இறுக்கத்தில் இரத்த ஓட்டம் குறைந்து, தடித்த சாக்ஸே காலைக் குளிரவைக்கும். சாக்ஸ் மாற்றுவதைவிட, ஷூவுக்குள் ஃபெல்ட் (அழுத்திச் செய்த கம்பளி) உள்ளடி வைப்பது மேல். குளிர் ஏறுவது தரையிலிருந்துதான்.

வழி நாலு: இப்போதே மொத்தமாக

வழக்கமான அளவில் கிடைக்காதவர்கள், குறிப்பிட்ட தேதியில் விழா இருக்கிறவர்கள், உடம்பின் அளவு மாறிப் பழைய கோடைத் துணி எதுவும் ஏறாதவர்கள் இப்போதே வாங்கலாம். பருவத் தொடக்கத்தில்தான் எல்லா அளவும் எல்லா நிறமும் இருக்கும். மற்றவர்களுக்கு இது நட்டக் கணக்கு. வாங்கிய மெல்லிய துணி ஆறு வாரம் அலமாரியில் தொங்கும், அதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடும், முதல் வெயில் நாளில் போட்டுப் பார்க்கும்போதுதான் அக்குள் பிடிப்பது தெரியும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு வடிகட்டி: ஸ்வெட்டருக்குள் நடு அடுக்காக இந்த வாரமே போட முடியாத எதையும் எடுக்காதீர்கள். அட்டையைக் கிழிக்காமல் வீட்டில் ஒருமுறை முழுசாகப் போட்டு, உட்கார்ந்து, குனிந்து பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் லினன் பக்கம் போகும் இந்த வாரங்களில்தான் கடைகள் கம்பளியைத் தள்ளுபடியில் தள்ளிவிடுகின்றன. மேலே சொன்ன மெரினோ பனியனையும் மெல்லிய ஸ்வெட்டரையும் வாங்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. வசந்தத் தோற்றத்துக்குத் தேவையான பாதிப் பொருள் குளிர்காலத் தட்டில்தான் கிடக்கிறது.

எதை எப்போது உள்ளே வைப்பது

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் மூட்டை கட்டுகிறவர்கள் பத்து நாளில் மூட்டையைப் பிரிப்பார்கள். இரண்டு தவணையாகச் செய்யுங்கள். முதல் தவணையில் தடித்த ஸ்வெட்டர்கள், பனிப் பூட்ஸ், கனத்த கோட் இரண்டு இருந்தால் அதில் ஒன்று. மெல்லிய கம்பளி எதையும் தொடாதீர்கள். இன்னும் இரண்டு மாதம் அதற்குத்தான் வேலை.

வைக்கும் முன் துவைப்பது கட்டாயம், ஒருமுறை மட்டும் போட்டிருந்தாலும் சரி. கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியல்ல, அதன் புழு. வியர்வையும் உணவுக்கறையும் பட்ட இடத்தைத்தான் அது முதலில் தேடும். அக்குளிலும் நெஞ்சிலும் ஓட்டை விழுவது அதனால்தான். கம்பளியை 30 டிகிரிக்கு மிகாத நீரில், கசக்காமல், துவைத்துப் படுக்கையாக விரித்து உலர்த்துங்கள். சூடும் உராய்வும் சேர்ந்தால் இழையின் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஸ்வெட்டர் குழந்தை அளவுக்குச் சுருங்கிவிடும், சுருங்கியது திரும்பாது. பூச்சி ஏற்கெனவே இருக்கிறதென்று சந்தேகமா? காற்று புகாத பையில் கட்டி மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். தேவதாரு மரத்துண்டின் வாசம் குறையக் குறைய அதன் பயனும் குறையும். அந்துருண்டை வேலை செய்யும், ஆனால் அதன் நெடி அடுத்த குளிர்காலம் வரை துணியை விடாது, மூச்சுக்கும் நல்லதல்ல.

ஸ்வெட்டரை மடித்து வையுங்கள். ஹேங்கரில் தொங்கவிட்டால் தன் எடையாலேயே நீண்டு, தோளில் இரண்டு கொம்பு முளைக்கும். இறகு ஜாக்கெட்டைக் காற்றுறிஞ்சும் பையில் நசுக்கினால் மாதக்கணக்கில் மடங்கிக் கிடந்த இறகு பழையபடி பொங்காது. பழைய தலையணை உறையில் தளர்வாகப் போடுங்கள். பூட்ஸின் வெள்ளை உப்புக் கோட்டை வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து துடைத்து, காகிதம் திணித்து நிழலில் உலர்த்தி, பிறகு கிரீம் தடவுங்கள். உப்போடு வைத்தால் தோல் வெடிக்கும்.

ஒரு கனத்த கோட்டு மட்டும் கதவுக்குப் பின்னாலேயே தொங்கட்டும். காலை வெப்பநிலை தொடர்ந்து ஒரு வாரம் 8 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தால் இரண்டாம் தவணையாக அதையும் எடுத்துவைக்கலாம். அதுவரை கையுறையை அதன் பையிலேயே விட்டுவையுங்கள்.